‘வொய்’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள்

1.

இந்தக் கதை பிறக்கும்போது கதையாக இல்லை, கட்டுரையாக இருந்தது. ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் ‘வொய்’ என்று ஒரு கேள்விச் சொல் இருக்கிறதே, அதன் பொருள், பயன்பாடு, பிறப்பு மூன்றையும் வைத்து இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்பது அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. ‘தகவல் இருக்கிறது, உயிர் இல்லை. உள்ளே ஒரு ஆளைப் போடுங்கள்’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். போட்டேன். ஆளைப் போட்டதும் அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அகராதி அலுவலகம் ஒன்றில் சேர்த்துவிட்டேன். வேலை கொடுத்துவிட்டுக் கல்யாணம் செய்துவைக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது, செய்துவைத்தேன். வந்த மனைவி மூன்றாவது பக்கத்தில் கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு ஊருக்கு வண்டி ஏறப் போகிறாள். அதற்குள் இந்த மனிதர் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டு பக்கக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டவனுக்கு இது கொஞ்சம் அதிகம்.

என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே உயிர் என் மருமகள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், விபத்தில் சிக்கியவர்கள் எழுதித் தரும் விண்ணப்பங்களைப் படிக்கிற வேலை. அதனால் பழக்கம் உண்டு. விடுமுறை நாளில் உட்கார்ந்து எனக்குத் தட்டச்சு செய்து தருகிறாள். பதிலுக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டாள். நான் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள்.

[கொடுத்தீங்க மாமா. பல்செட் மாட்டாம சொன்னீங்க, அதான் உங்களுக்கே புரியலை.]

2.

தொடக்கம் சரியாக அமைய வேண்டும் என்று மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: ‘விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. அகராதிக்காரர் சன்னல் வழியே—’

[போன மூணு கதையும் மழையிலதான் ஆரம்பிச்சுது. இந்த ஆளாவது காயட்டுமே.]

இரண்டாம் தொடக்கம்: ‘வொய் என்ற சொல்லுக்கு ஆயிரம் வயதுக்கு மேலாகிறது, அகராதிக்காரருக்கு ஐம்பத்தாறு. இருவரும் ஒருநாள் ஒரே லிஃப்டில்—’

இதற்குமேல் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. லிஃப்ட் நல்ல லிஃப்ட். வீணாக்க மனமில்லை. அதனால் அதை மட்டும் எடுத்து அகராதி அலுவலகத்தில் பொருத்திவிட்டேன். மூன்றாவது தொடக்கம் அங்கேயே ஆகிறது:

மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், அந்த அலுவலகம். லிஃப்ட் எப்போதும் ஒன்றரையாவது மாடியில் நிற்கும். மீதி அரை மாடியை ஏறிக் குதிக்க வேண்டும். குதிக்க முடியாத வயது வந்தால் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். உள்ளே கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள். அடுக்குகளில் செருப்புப் பெட்டிகள். பெட்டிகளில் சீட்டுகள், ஒரு சொல்லுக்கு ஒரு கட்டு. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும் எடுத்துக்காட்டும் சொல்லும் அகராதி. ஆரம்பித்தவர்கள் யாரும் இப்போது இல்லை. முடிப்பவர்கள் இவர்கள்தான் என்று நம்பலாம், ஏனென்றால் எழுத்துகள் தீர்ந்துகொண்டு வருகின்றன.

அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம். எடுத்துக்காட்டு வாக்கியத்தை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்யக் கூடாது. உயிருள்ள ஒரு வாயிலிருந்து, அந்த வாய்க்குத் தெரியாமல், தன் காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்டவுடன் சீட்டில் எழுத வேண்டும். சீட்டின் அடியில் மூன்று விவரம்: சொன்னவர் யார், எந்த இடம், என்ன மனநிலை.*

(* ஆரம்ப காலத்தில் யாரோ ஒருவர் ‘அரசன் ஆனந்தமாக ஆப்பிள் உண்டான்’ என்று தானே ஒரு வாக்கியம் செய்து போட்டுவிட்டாராம். எந்த அரசன், எந்தப் பழக்கடை என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். சட்டம் அப்போது வந்தது. ‘வெயிட்’ என்ற சொல்லுக்கு வாக்கியம் தேடி ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்த ஊழியர் ஒருவர் அங்கேயே பணி ஓய்வு பெற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு நிலையத்தார் நடத்திய பிரிவு விழாவில் நானும் கலந்துகொண்டேன்.)

[மாமா.]

(சரி, கலந்துகொள்ளவில்லை.)

நம் அகராதிக்காரர் இந்தச் சட்டத்துக்காகவே பிறந்தவர் போல. முடிவெட்டும் கடையில் தலை ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்ச் சீட்டு எழுதிவிட்டு வந்து மறுபக்கத்தைக் கொடுப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில் எடுத்த சீட்டுகளே தனியாக ஒரு பெட்டி இருக்கும். அவரைக் கண்டால் சொந்தக்காரர்கள் சைகையில் பேச ஆரம்பித்தார்கள். அவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

3.

கட்டுரைக்குப் போட்ட உழைப்பு வீணாகக் கூடாது என்பதால் அதையும் இங்கே நுழைக்கிறேன். அவசரம் உள்ளவர்கள் நாலாம் எண்ணுக்குப் போகலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன். நானே ஒருமுறை அப்படித்தான் போனேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘என்ன’ என்ற சொல் நம் சொற்களைப் போலவே வேற்றுமை ஏற்றது. அதில் நம்முடைய மூன்றாம் வேற்றுமைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வடிவம்தான் ‘வொய்’. அதாவது ‘எதனால்’, ‘எதைக் கொண்டு’. நாளாக ஆகத் தாய்ச் சொல்லை விட்டுத் தனிக்குடித்தனம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எழுதும்போது ‘ஹ’ ஒலிக்கான எழுத்து முன்னால் நின்றது, ‘வ’ ஒலிக்கான எழுத்து பின்னால் நின்றது. பிற்காலத்து எழுத்தர்கள் இரண்டையும் இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டார்கள். முன்னால் இருந்தவனைப் பின்னால் தள்ளியதும் அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். இன்றைக்குப் பெரும்பாலோர் வாயில் அந்த ‘ஹ’ வருவதில்லை. குடும்பங்களிலும் இது நடக்கும்.

இந்தச் சொல்லையே ஒரு முதியவராக்கி, கிழிந்த கோட்டு ஒன்றை மாட்டிவிட்டு, ‘என் எழுத்தை மாற்றியவன் யார்?’ என்று கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் நடந்துவர வைத்தேன். நாலு பக்கம் நன்றாகத்தான் போயிற்று.

[சொல்லு நடந்து வரக்கூடாதுன்னு சொன்னேன். எடுத்துட்டார். கோட்டை மட்டும் எடுக்க மனசில்லாம இருந்தார்.]

பயன்பாட்டுக்கு வருவோம். அகராதிக்காரர் தன் மேசையில் ‘வொய்’யை ஐந்து பொருளாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று, காரணம் கேட்பது. இரண்டு, யோசனை சொல்வது. ஏன் இப்படிச் செய்யக் கூடாது என்று கேட்பது போலக் கேட்டு, செய்வோம் என்று சொல்வது. மூன்று, பதில் எதிர்பாராமல் கடிந்துகொள்வது. நான்கு, வியப்பு, அங்கே அது கேள்வியே இல்லை, நம்முடைய ‘அட’ மாதிரி. ஐந்து, பெயர்ச்சொல், காரணகாரியம் என்கிற அர்த்தத்தில் பன்மையில் வருவது.

முதல் பொருளுக்குச் சீட்டுகள் குவிந்து கிடந்தன. பஸ் நடத்துநர்கள் மட்டுமே ஒரு கட்டு கொடுத்திருந்தார்கள். நாலாவதற்கு, லிஃப்ட் ஒருநாள் தவறிப்போய் இரண்டாம் மாடியிலேயே நின்றபோது பிழைதிருத்துகிற பெண் சொன்ன ‘அட’ கிடைத்தது. ஐந்தாவதைத் தலைமைப் பதிப்பாசிரியரே வாய்தவறிக் கொடுத்துவிட்டார். இரண்டும் மூன்றும் மட்டும் கிடைக்கவில்லை. இவரிடம் யாரும் யோசனை சொல்வதில்லை. கடிந்துகொள்பவர்களோ, இவர் சட்டைப்பையைத் தொட்டாலே வாயை மூடிக்கொண்டார்கள். அச்சுக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது.

4.

மனைவியை இனியும் மறைத்து வைக்க முடியாது.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். இருட்டு அறையில் ஆளை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி வில்லையை மாற்றி இன்னொன்றைப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பதில் வந்தால்தான் அடுத்த வில்லை. வேலையே அதுதான்.

அன்று காலை அவள் கடைச் சீருடையை மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அகராதிக்காரர் அதே மேசையின் மறுமுனையில் சீட்டுகளை விரித்திருந்தார்.

"எங்க கடைல புதுசா ஒரு கிளை தொறக்கறாங்க."

"ம்."

"என்னைப் பொறுப்பா போகச் சொல்றாங்க. முழுப் பொறுப்பு. எனக்குக் கீழ மூணு பேரு."

"ம்."

"தூரங்க. தினம் போய்ட்டு வர்ற தூரமில்லை. பின்னாலேயே வீடு தர்றாங்க. ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்."

"ம்."

"நீங்க வீட்டுல உக்காந்தே சீட்டு அடுக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க இல்ல? ஏன் நாம ரெண்டு பேருமே அங்க போயிடக் கூடாது?"

அகராதிக்காரரின் முகம் மலர்ந்தது. இந்த இடத்தில் நான் மிகவும் கவனமாக எழுத வேண்டும். ஏனென்றால் கதை முழுவதும் இந்த மலர்ச்சியில்தான் இருக்கிறது. அவள் அதைப் பார்த்தாள். அந்த முகம் அப்படி மலர்ந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் குனிந்து எழுதுவதைப் பார்த்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள மூட்டை கட்ட வேண்டிய சாமான் எழுதறீங்களா?"

"ரெண்டாவது பொருள் கிடைச்சிருச்சும்மா," என்றார் அவர். "யோசனை சொல்றது. அச்சு அசலா."

அவள் சீட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"ஏங்க இப்படி இருக்கீங்க?"

"இரு, இரு." அவசரமாக அடுத்த சீட்டை எடுத்தார். "இன்னொரு தடவை சொல்லு. ‘இப்படி’க்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தினியே, அதோட."

அவள் சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வயதான நோயாளிகளிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக. அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"இதை எந்தத் தலைப்புல போடுவீங்க?"

"மூணு. பதில் எதிர்பாராத கேள்வி."

"அப்படியா," என்றாள். இஸ்திரிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்து அவள் துணிகளை எடுத்துப் போனது. கூடவே ஒரு தகவல்: ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள்.

[இது நடக்காத காரியம் மாமா. எவ்வளவு மக்கா இருந்தாலும் எந்த மனுஷனும் பொண்டாட்டி கேட்ட கேள்விய இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்க மாட்டான். வாசிக்கறவங்க நம்ப மாட்டாங்க.]

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இவரை இன்னும் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று யோசித்து ஒரு பூனையைக் கொடுத்துப் பார்த்தேன். பூனைக்குச் சோறு வைக்கிறவர் அவ்வளவு மோசமாக இருக்க மாட்டார் என்று வாசகர் நினைப்பார். பூனை ஒரு பக்கம் இருந்தது. பிறகு அதுவும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

[உங்க பையனை நினைச்சுப் பாத்தேன். எழுதிக்குவான். தொடரலாம்.]

5.

சீட்டுகள் பிழைதிருத்துகிற பெண்ணிடம் போயின. அவள் வாசிக்கிற வேகத்தைப் பார்த்தால் எழுத்துகள் பயந்து ஒதுங்கி வழிவிடும். அந்தச் சீட்டுகளில் மட்டும் நின்றாள். எடுத்துக்கொண்டு அகராதிக்காரரின் மேசைக்கு வந்தாள்.

"சார், ‘சொன்னவர்: மனைவி. இடம்: வீடு.’ சரி. ‘மனநிலை: சாதாரணம்’னு போட்டிருக்கீங்க."

"ஆமா. கத்தலை, அழலை."

"இப்ப அவங்க எங்க?"

"அக்கா வீட்டுல."

"எப்ப வருவாங்க?"

"ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போறாங்க. வேலை மாத்தல்."

"நீங்களும் போறீங்களா?"

"என்னை யாரும் கேக்கலையே," என்றார்.

அவள் இரண்டாம் பொருளுக்கான சீட்டை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். ‘ஏன் நாம ரெண்டு பேருமே அங்க போயிடக் கூடாது?’ அவருடைய அழகான கையெழுத்து. அவர் அதைப் படித்தார். எழுத்துப்பிழை இல்லை என்று தலையாட்டினார். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார். எழுதினபோது படிக்காததை இப்போதுதான் படித்தார் போலிருந்தது.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு சீட்டுகளிலும் ‘சரிபார்க்கவும்’ என்று எழுதினாள். அந்த அலுவலகத்தில் அந்த ஒரு சொல் விழுந்தால் தப்ப முடியாது. சொன்ன வாயிடமே திரும்பப் போய், என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று கேட்டு வர வேண்டும். பஸ் நடத்துநரைத் தேடி மூன்று பணிமனைகள் சுற்றினவர்கள் இருக்கிறார்கள்.

அகராதிக்காரர் தலைமைப் பதிப்பாசிரியரின் அறைக்குப் போய் முறையிட்டார். ஃபோனில் கேட்டால் போதாதா? அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஃபோன்ல கேட்டா செல்லாது. உங்களுக்குத் தெரியாததா?"

"என்னன்னு மேடம் கேப்பேன்?"

"நீ கேட்டது பதில் வேணும்னு கேட்டதா, வேணாம்னு கேட்டதா. அவ்வளவுதானே. ஒத்தை வார்த்தைல வாங்கிட்டு வாங்க. எனக்கு அச்சுக்குப் போகணும்."

இந்த அம்மாளைக் கல்நெஞ்சக்காரியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் இந்தக் கதையிலேயே விவரமான காரியம் ஒன்றைச் சொன்னவர் அவராகத்தான் இருக்கிறார். பாத்திரங்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர்களே கேட்காதபோது பாத்திரங்களைச் சொல்லி என்ன.

6.

அக்கா வீட்டின் கதவு முழுதாகத் திறக்கவில்லை. சங்கிலி அளவுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் மனைவியின் அக்காவினுடைய ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"வாங்க தம்பி," என்று அவள் உள்ளே இருந்தபடியே வரவேற்றாள்.

"அவ இருக்காளா?"

"எதுக்கு?"

"ஒரு விஷயம் சரிபார்க்கணும். அன்னைக்கு அவ ஒரு கேள்வி கேட்டா. அதுக்குப் பதில் வேணுமா வேணாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"ஆபீஸ்ல."

தெரிந்த ஒரு கண் நிதானமாக ஒருமுறை மூடித் திறந்தது.

"நீங்களா வரலை."

"நான்தானே வந்திருக்கேன்."

"சரியாப் போச்சு," என்றாள் அக்கா. உள்ளே திரும்பி யாரிடமோ அல்லது பூனையிடமோ, "ஆபீஸ்ல அனுப்பினாங்களாம்," என்றாள். பிறகு இவரிடம், "அவ கடையில இருக்கா. இன்னைக்குத்தான் அங்க கடைசி. பாக்கணும்னா எல்லாரையும் மாதிரி டோக்கன் வாங்கிட்டுப் பாருங்க," என்று கதவைச் சாத்தினாள்.

அகராதிக்காரர் பஸ் ஏறினார். கடை வருவதற்குள் இந்தக் கதைக்கு ஒரு முடிவைத் தயார் செய்துவிடலாம் என்று நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முயன்றேன்.

முடிவு அ: அவர் கடை வாசலில் நின்று தன் வாழ்நாள் சீட்டுகளையெல்லாம் காற்றில் வீசுகிறார். அவை வெள்ளைப் பறவைகளாக—

[பெருக்கறது யாரு?]

முடிவு ஆ: அவர் ‘வொய்’க்கு ஒரு புதுப் பொருள் எழுதுகிறார். மனைவி அதை அச்சில் படிக்கிறாள், கண் கலங்குகிறாள், அடுத்த வண்டியில்—

[அகராதி படிச்சுட்டுப் புருஷன்கிட்ட திரும்பி வந்த பொம்பளைய நான் கேள்விப்பட்டதில்லை. காப்பீட்டுலகூட அப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை.]

முடிவு இ: பஸ் நடுவழியில் நின்றுவிடுகிறது. அவர் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. விதி. இது எனக்குப் பிடித்திருந்தது, முக்கியமாகச் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால். ஓட்டுநரிடம் ஜாடை காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார். பஸ்ஸில் எல்லோரும் அகராதிக்காரர் பக்கம்தான் இருந்தார்கள் போலிருக்கிறது.

அகராதிக்காரர் இது எதையும் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு பெண் தன் தோழியிடம் மிக அருமையான ‘ஏன்’ ஒன்றைச் சொன்னாள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவர் திரும்பவில்லை. அக்கா சொன்ன ‘நீங்களா வரலை’ அவர் காதில் நின்றுகொண்டிருந்தது. தான்தானே வந்தோம், பிறகு ஏன் அது பொய் மாதிரி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அவர் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினார்.

7.

கடையில் டோக்கன் கொடுத்தார்கள். பார்வை சோதிக்கும் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. முறை வந்ததும் உள்ளே போனார். இருட்டு. ஒரே ஒரு விளக்கு எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகைக்குப் பின்னால். உயரமான நாற்காலி. அவள் முதுகைக் காட்டியபடி வில்லைப் பெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"உக்காருங்க. என்ன தொந்தரவு?" என்று திரும்பினாள். பார்த்தாள்.

இந்த இடத்தில் ‘கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை’ என்று அவரைச் சொல்ல வைத்திருந்தேன். எழுதிவிட்டு எழுந்து நடந்து, ஒரு குவளை தண்ணீர் குடித்து, என்னை நானே பாராட்டிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் மருமகள் அதைத் தட்டச்சு செய்யவே இல்லை.

[கண்ணு சோதிக்கிற எடத்துல இதைச் சொல்லாத எழுத்தாளர் யாராவது இருப்பாங்களான்னு பாத்தேன். நீங்க இருங்களேன் மாமா.]

ஆகவே அவர் சொன்னது இதுதான்:

"கண்ணுல ஒண்ணும் இல்லை."

"அப்ப டோக்கன் எதுக்கு?"

"அக்கா வாங்கச் சொன்னாங்க."

அவள் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். டோக்கன் வாங்கினவரைச் சோதிக்காமல் அனுப்ப முடியாது. வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கனமான சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினாள். இரண்டு பக்கமும் ஏதோ வில்லைகளைப் போட்டாள். எழுத்துப் பலகை பனிமூட்டம் ஆயிற்று. அவளும் ஆனாள்.

"ஆபீஸ்ல ‘சரிபார்க்கவும்’ போட்டுட்டாங்க," என்றார் அவர், மூட்டத்தைப் பார்த்து. "நீ அன்னைக்குக் கேட்டது—"

"எது?"

"ரெண்டும். பதில் வேணும்னு கேட்டதா, வேணாம்னு கேட்டதான்னு."

"ஆபீஸ்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"ஆமா."

"அவங்களுக்குத் தெரியணும்."

"அச்சுக்குப் போகணுமாம்."

"உங்களுக்கு?"

வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவள் ஒரு வில்லையை எடுத்தாள். துடைத்தாள். திரும்பப் போடவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார். "நீ ‘வேணாம்’னு சொல்லிட்டா, நான் போட்டது சரியாயிடும்."

அறிஞர்களுக்குத் தாங்கள் போட்டது சரி என்று தெரிவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது என்று நான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். இப்படியும் ஒருவர் சொல்லுவார் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாக்கியத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. மருமகளிடம் கேட்டேன், நீ நுழைத்தாயா என்று.

[நான் இல்லை மாமா. உங்க கையெழுத்துலதான் இருந்துது. ஒரு அடித்தல்கூட இல்லாம இருந்துது.]

"வேணும்," என்றாள் அவள். "ரெண்டுக்கும் வேணும். ஏன் இப்படி இருக்கீங்கன்னு உண்மையாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். கூட வருவீங்களான்னு உண்மையாவே கேட்டேன். நான் யாரைக் கேட்டாலும் தெரியாததைத்தாங்க கேப்பேன். தெரிஞ்சதைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை."

அலுவலகக் காரியம் இத்தோடு முடிந்தது. ஒற்றை வார்த்தை கிடைத்துவிட்டது. அவர் எழுந்து போயிருக்கலாம். இரண்டு சீட்டுகளையும் மூன்றாம் பொருளிலிருந்து முதல் பொருளுக்கு—

[ஒரு சீட்டு ரெண்டாம் பொருள்ல இருந்துது மாமா.]

—எங்கிருந்தோ எங்கோ மாற்றியிருக்கலாம். அவர் எழவில்லை. சோதனைச் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெறும் கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் சக்கரம் வைத்த முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள், முழங்கால் இடிக்கிற தூரத்தில். வேலையில் எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"அவசரமில்லை. தெரியறதை மட்டும் சொல்லுங்க."

பிறகு காத்திருந்தாள்.

8.

என்ன பதில் சொல்லலாம் என்று அவருக்காக நான் ஏழெட்டு எழுதிப் பார்த்தேன். ‘சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது’ என்று ஒன்று. படித்தவர்கள் மெச்சுவார்கள், எந்த மனைவியும் எழுந்து போய்விடுவாள். ‘வர்றேன்’ என்று மட்டும் ஒன்று. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ‘எங்க அப்பாவும் இப்படித்தான்’ என்று ஒன்று. இதற்கு மருமகள் அடைப்புக்குறிகூடப் போடவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

[ஏன் மாமா அவர் சார்பா நீங்க சொல்லணும்? அவர்தானே அங்க உக்காந்திருக்கார்.]

அதுவும் சரிதான் என்று பேசாமல் அறையின் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டேன். எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில் இரண்டு பேரின் முழங்கால்களும் தெரிந்தன. அகராதிக்காரர் தொண்டையைச் செருமினார். ஏதோ தெரிகிறது அவருக்கு, சொல்லப் போகிறார். வாயைத் திறந்தார்.

நானும் பேனாவைத் திறந்தேன்.

மூடி கழன்ற சத்தம் சின்னதுதான். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். மூலையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நான் பேனாவை மூடினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கப் போனார். என் கை சும்மா இருக்கவில்லை. மறுபடி மூடிக்கொண்டார். அவள் இந்தமுறை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உங்களுக்கு என்ன தொந்தரவு என்று கேட்கிற பார்வை.

வெளியே வந்துவிட்டேன்.

பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் டோக்கன். அடுத்தது உங்கள் முறைதான், ஆனால் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது. தவறாக நினைக்காதீர்கள். இந்தக் கதவு சரியாகச் சாத்தாது. நான் தெருமுனை தாண்டியதும் உள்ளே பேச ஆரம்பிப்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எல்லாம் கேட்கும். கேட்டுக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். குறிப்பாக என்னிடம்.